எட்டுக் கொம்பு ரவுட்டரும் எங்க மருமவனும்

ஏ மருமவனே, இங்க வாடே. எட்டுக் கொம்பு வச்ச ரவுட்டர் வாங்கியிருக்கியாமே, தெருவே பேசுது! வாங்கு, வாங்கு. கம்பெனிக்காரன் குடுத்த பொட்டிய நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? நானும் டெலிபோன் ஆபீசுல லைன்மேனாக் கம்பம் ஏறி எறங்குனவன். ரெண்டு வார்த்தை சொல்லுதேன். நீ கேக்க மாட்டே, இருந்தாலும் சொல்லுதேன்.

பழைய பொட்டியப் பரண்ல போட்டுட்டு, அந்த ஃபைபர் கண்ணாடி நூலைப் புதுசுல சொருவிரலாம்னு பாத்தியோ? சொருவு, நானும் பாக்கேன். அந்தப் பச்சைத் தலை எந்த ஓட்டையில நுழையும்? நூல்ல வாரது வெளிச்சம்டே. அதை நெட்டா மாத்துதது பழைய பொட்டிதான். ஓ.என்.டி.ம்பான். அதோட சீரியல் நம்பரை ஆபீசு மிஷின்ல பதிஞ்சு வச்சிருக்கான். பதியாத பொட்டிய அது வாசல்லயே நிறுத்திரும். பழசு அங்கனயே கெடக்கட்டும். அதுக்குப் பின்னாலதான் உன் கொம்பன்.

கேபிள்காரன்ட்ட பழைய பொட்டிய 'பிரிட்ஜ் மோடு'ல போட்டுத் தாங்கன்னு கேளு. அது வெறும் பாலமா நிக்கும், லாகின் பண்ணுத வேலை உன் கொம்பனுக்கு. "அதெல்லாம் வராது சார்"ம்பான். அது அவனுக்குக் கைவந்த பதில். மறுபடி கேளு. பி.பி.பி.ஓ.இ. யூசர் ஐடி, பாஸ்வேர்டு, வீலேன் நம்பர், மூணையும் எழுதி வாங்கிக்கோ. வீலேன் நம்பர் தப்பாப் போச்சுன்னா லைட்டெல்லாம் ஜோரா மினுங்கும், நெட்டு மட்டும் வராது. ஜெர்மனியில 2016 ஆகஸ்ட் 1லேந்து எந்தப் பொட்டி வைக்கணும்னு வாடிக்கையாளர்தான் முடிவு பண்ணணும்னு சட்டம். அங்க இந்த விவரத்தை நாம கேக்காமலே கம்பெனி குடுக்கணும். இங்க நீ ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேளு.

ஒண்ணு மறந்துராதே. உங்க அத்தை பேசுத லேண்ட்லைனு பழைய பொட்டிக்குப் பின்னாலதான் சொருவியிருக்கு. மாத்தும்போது வாய்ஸைத் தொடாதீங்கன்னு சொல்லு. அது செத்துச்சுன்னா வீட்டுல நெட்டு இருக்கும், சோறு இருக்காது.

பிரிட்ஜே வேண்டாம்னு சும்மா பின்னால சொருவுனாலும் யூடியூப்பு ஓடத்தான் செய்யும். ஆனா ஒரே ஊருல ரெண்டு நாட்டாமை. ரெண்டும் 192.168.1.1 என் நம்பர்னு அடிச்சுக்கிட்டா, புதுசை 192.168.2.1க்கு மாத்து. இல்ல, வைஃபை மட்டும் குடுக்குத ஏ.பி. மோடுல போட்டு வை.

வேகம் கூடும்னு வேற நெனச்சியோ? நீ பணம் கெட்டுதது 60 எம்பிக்கு. கொம்பு பதினாறு முளைச்சாலும் வாரது 60தான். பழசை எங்க வச்சிருந்தே? இரும்பு பீரோவுக்குப் பின்னால, மேல உங்க அம்மா மடிச்சுப் போட்ட போர்வை. நம்ம ஒம்போது இஞ்சி சுவத்துக்கே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மூச்சு வாங்கும். 2.4 தாண்டிப் போவும், வேகம் கொறையும். பொட்டிய நடு வீட்டுல ஒசக்க வைடே. பாதிக் கம்ப்ளைண்டு அதுலயே தீரும். இதுக்கு ஆறாயிரம் ரூவா வேண்டாம், ஒரு ஆணி போதும். இப்பச் சொல்லி என்ன, வாங்கிட்டே!

இனி நெட்டு போச்சுன்னா "உங்க ரவுட்டர்தான் கோளாறு சார்"ம்பான், பாரு. பழைய பொட்டியில சிக்னல் போச்சுன்னு சொல்லுத எல்.ஓ.எஸ். லைட்டு செவப்பா எரியுதான்னு பாத்துட்டுப் பேசு. எரிஞ்சா வம்பு அவன் நூல்ல. உன் கொம்பன் மேல பழி இல்ல. கரண்டு போனா ரெண்டு பொட்டிக்கும் யூபிஎஸ் வேணும், ஒண்ணு மட்டும் முழிச்சிருந்து பிரயோசனமில்ல. அட்மின் பாஸ்வேர்டை அட்மின்னே விட்டுராதே.

உன் கொம்பனுக்குப் பின்னால ஊசி நுழையுத ரீசெட் ஓட்டை ஒண்ணு இருக்கும். உன் மவன் என்னைக்காவது குச்சிய விட்டு அமுக்குவான், நீ போட்டதெல்லாம் அழிஞ்சு போவும். அதனால அந்த மூணு விவரத்தையும் காகிதத்துல எழுதி பீரோக் கதவு உள்பக்கம் ஒட்டு. மெயில்ல போட்டு வைக்காதே. நெட்டு இல்லாத அன்னைக்குத்தாம்டே அது வேணும்.