கடாரம் கொண்டான், சி பிளாக்

ஒரு குடியிருப்பில் யார் யார் ராத்திரி என்ன விளையாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள உளவாளி வைக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தால் போதும். நாவலூரில் அந்தப் பதவிக்கு யாரும் போட்டியிடுவதில்லை. பொதுக்குழு நாளில் யார் ஊரில் இல்லையோ அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுப்பது எங்கள் மரபு. நான் அன்றைக்குச் செய்யூரில் ஒரு வளைகாப்பில் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் என் வாட்ஸ்அப்புக்கு மூன்று வகைப் புகார்கள்தான் வரும். தண்ணி வரல, லிஃப்ட் நின்னுடுச்சு, நெட் இழுக்குது. மூன்றாவதை விசாரிக்கப் போனதில்தான் எங்கள் குடியிருப்பில் இத்தனை பேரரசர்களும் மந்திரவாதிகளும் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்பது தெரிந்தது.

முதலில் அகப்பட்டவன் பி பிளாக் தம்பி. சிறுசேரி சிப்காட்டில் டெஸ்டர். சங்கத்தின் பொதுக் கனெக்‌ஷனில் ‘பால்டர்ஸ் கேட் 3’ இறக்கிக்கொண்டிருந்தான். நூற்றைம்பது ஜிபி. மொத்தக் கட்டடமும் சீரியல் பார்க்க முடியாமல் தவித்தது. பெல்ஜியத்து லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆட்டம் அது. ஸ்டீமில் ஒரே நேரத்தில் எட்டே முக்கால் லட்சம் பேர் ஆடியிருக்கிறார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று விருதும் வாங்கியது. கதை எளிது. உங்கள் மண்டைக்குள் ஒரு புழுவை விட்டுவிடுகிறார்கள். அது உங்களை ராட்சசனாக்குவதற்குள் வைத்தியம் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். வழியில் யாரையாவது பேசி மசிய வைக்க நினைத்தால் இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். அங்கே ஒன்று விழுந்தால் காரியம் கெட்டது, நீங்கள் எத்தனை பெரிய நாவன்மைக்காரராக இருந்தாலும் சரி.

அதனால் தம்பி ஒவ்வொரு பேச்சுக்கு முன்பும் ஆட்டத்தைச் சேவ் பண்ணி வைத்துக்கொள்வான். எதிராளி முகம் சுளித்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பான். இந்த முறையில் அவனை விரும்பாத ஆளே அந்த உலகத்தில் இல்லை. போன மாதம் ஆரணிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். “லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க”ன்னு கேட்டாங்க சார், சேவ் பண்ணாமலே பதில் சொல்லிட்டேன் என்றான். ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்துவிட்டது.

அவனுக்கு நேர் மேல்வீட்டுக்காரர் நாற்பத்தொன்றைத் தாண்டிய புராஜெக்ட் மேனேஜர். ‘க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ ஆடுகிறார். பிரான்சின் மோன்பெலியே ஊரில் ஒரு சின்னக் குழு செய்து 2025 ஏப்ரலில் வெளியிட்டது. டிசம்பரில் ஒன்பது விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுக்கொரு முறை எழுந்து ஒரு பெரிய தூணில் ஓர் எண்ணை எழுதுவாள். அந்த வயதுக்காரர்கள் அப்படியே கரைந்து காற்றில் போய்விடுவார்கள். எண் வருஷத்துக்கு ஒன்று குறையும். “எல்லாரும் இதை ஃபேன்டஸிங்கறாங்க. எங்க ஆபீஸ்ல அப்ரைசல் சீசன்ல இதுதானே நடக்குது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பராமரிப்பு பாக்கியையும் அன்றைக்குக் கேட்க மனம் வரவில்லை.

என் வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். மதுராந்தகத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு, கணினியில் ராத்திரி எது ஓடினாலும் அது ரம்மிதான். அவர் செய்தி தவறாமல் கேட்பவர். 2022இல் தமிழ்நாட்டு அரசு சட்டம் போட்டது, பிறகு காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்து வரை பூட்டு போட்டது, 2025 ஆகஸ்டில் டெல்லியே மொத்தமாகத் தடை செய்தது எல்லாம் அவருக்கு அத்துப்படி. “கவர்மென்ட்டு இவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேங்கறாளேடா உன் பொண்டாட்டி!” என்றார். இதுல காசு வராதும்மா, வாங்கும்போது ஒரு தடவை போறதோட சரி என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

என் மனைவி ஆடுவது ‘ஸ்டார்ட்யூ வேலி’. அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற ஆள் படம், பாட்டு, கதை, நிரல் எல்லாவற்றையும் நாலரை வருஷம் தனியாகவே செய்து 2016இல் வெளியிட்டது. பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் முன் கருகிக்கொண்டிருக்கும் ஒருவர், வேலையை உதறிவிட்டுத் தாத்தா விட்டுப்போன நிலத்துக்குப் போய்ப் பயிர் வைக்கிறார். அவ்வளவுதான் கதை. எங்கள் தாத்தா விட்டுப்போனதை விற்றுத்தான் இந்த ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினோம். இப்போது அதே ஃபிளாட்டில் உட்கார்ந்து அவள் ராத்திரி பதினொரு மணிக்கு முட்டைக்கோஸ் நடுகிறாள்.

ரம்மி இல்லை என்று தெரிந்ததும் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சோளக்கொல்லைப் பொம்மை நட்டால் காக்காய் வராது என்றதும் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. வெள்ளைக்காரனுக்கு இது தெரிஞ்சிருக்கே! ஆனால் அறுவடையை வீட்டு வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் கணக்கில் பணம் ஏறியிருக்கும் என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எடை போட ஆள் வரல? ஈரப்பதம் பாக்கல? மூட்டைக்கு இவ்ளோன்னு யாரும் கேக்கல?” கொள்முதலுக்கு வரிசையில் காத்திருந்த நெல் மழையில் நனைந்து சாக்கிலேயே முளைவிட்ட கதையை அவர் அன்றைக்கு மறுபடி சொன்னார். மனைவி அதற்குள் நாலு பாத்தி தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டாள்.

இன்னொரு விதி அதில் உண்டு. இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்திருந்தால் உழவர் மயங்கி விழுந்துவிடுவார், கையிலிருக்கும் காசிலும் கொஞ்சம் போகும். இங்கே இரண்டு மணிக்குத்தான் அமெரிக்காக்காரன் போனில் “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்பான்.

எனக்கு இதிலிருந்து ஒரு சந்தேகம். இவர்கள் யாரும் சாகசத்துக்காக ஆடவில்லை. நட்டால் முளைக்கும், முளைத்தால் விலை கிடைக்கும், நூறு பேரை வெட்டினால் அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு உறுதி. இப்படி எழுதிய விதி எழுதியபடி நடக்கும் ஓர் இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் தினம் ஒரு மணி நேரம் மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு அது பெரிய ஆடம்பரம்.

ஆனால் சி பிளாக் மூன்றாவது மாடி சாரை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணத்துக்காரர். அவர் ஆடுவது அரசியல். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 1999இல் வந்தபோது நாங்கள் ஹாஸ்டலில் லேன் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து ஆடிய ஆட்டம். இடைக்கால யுத்தத்தின் நடுவே ஒரு ரகசிய வரியைத் தட்டினால் துப்பாக்கி வைத்த கார் வரும். எங்களுக்குத் தெரிந்த போர்த்தந்திரம் அது ஒன்றுதான். சார் இன்றைக்கும் ஆடுவது அதுதான், ஆனால் தீவிரமானவர். 2013இல் அதில் ‘இந்தியர்’ என்று ஒரே ஒரு இனத்தைச் சேர்த்தார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை அத்தனை வீரர்களும் இந்துஸ்தானி பேசினார்கள். சார் அப்போது ஆட மறுத்துவிட்டாராம். 2022 ஏப்ரலில் இனம் பிரித்து, திராவிடர்களைத் தனியே கொண்டுவந்து, ராஜேந்திர சோழன் பேரில் ஒரு போர்த்தொடரும் வைத்தார்கள். அன்று மாலையே ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவந்தார்.

திராவிடர்களுக்கு உருமி வீசும் வீரர்கள் உண்டு, திரிசடை என்ற பெரிய கப்பல் உண்டு, மீன்பிடிப் படகுகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக மீன் சுமந்துவரும். கோவளத்துப் படகைப் பார்த்துத்தான் செஞ்சிருக்கான் என்பார் சார். நல்ல குதிரைப்படை மட்டும் கிடையாது. அதற்கும் அவரிடம் சமாதானம் உண்டு: “சோழனே குதிரையை அரேபியாவிலேருந்துதானே இறக்கினான்? ஆராய்ச்சி பண்ணியிருக்கான் சார்!” நியூ ஜெர்சியிலிருக்கும் பேரனோடுதான் போர். இங்கே விடியற்காலை, அங்கே சாயங்காலம். எதிரி எந்த நாடாக இருந்தாலும் சாருக்கு அது கடாரம். பேரன் மங்கோலியனாகக் குதிரையில் வந்து இருபது நிமிடத்தில் ஊரைக் கொளுத்திவிட்டுப் போய்விடுவான். கடாரம் பிடித்த கதையை ஆயிரம் வருஷம் கழித்துத் திருப்பி நடத்திக்காட்டும் ஒரே பேரன் உலகத்தில் அவனாகத்தான் இருக்கும். “கப்பலை அப்புறம் கட்டலாம், கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும்போது போர்நிறுத்தம்.

2025 பிப்ரவரியில் ‘சிவிலைசேஷன் 7’ வந்தது. அதிலும் சோழர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவையும் மணிக்கிராமத்தையும் அஞ்சுவண்ணத்தையும் கூட விடாமல் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிப் பாடப்புத்தகம் இத்தனை அக்கறை காட்டவில்லை. சிக்கல் என்னவென்றால் அதில் தலைவர் ஒருவர், நாடு வேறு. யுகத்துக்கு யுகம் நாட்டை மாற்றிக்கொள்ளலாம். அசோகர் தலைமையில் சோழநாடு நடக்கலாம். சார் கொதித்துப்போனார். “அசோகனே கல்வெட்டுல சோழன் தன் எல்லைக்கு வெளியேன்னு எழுதி வச்சிருக்கான். அவன்கிட்ட கேட்டீங்களாடா?” இந்தக் கேள்வியை வங்கிக் கடிதத் தோரணையில் ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. சங்கத்தின் மூலமாக அனுப்பினால் வருமா என்று என்னைக் கேட்டார்.

ஏ பிளாக் தம்பதி இன்னும் பழைய ‘சிவிலைசேஷன் 6’இலேயே இருக்கிறார்கள். புதியதில் ஆரம்பத்தில் காந்தி இல்லை என்பது அவர்கள் குறை. காந்தி அணுகுண்டு போடுவார் என்பது இந்த ஆட்டத்தின் பழைய புராணம். 1991இல் வந்த முதல் பாகத்தில் ஒரு நிரல் பிழையால் அப்படி ஆனது என்று உலகமே நம்பியது. செய்தவரான சிட் மெய்யரே தன் நினைவுக்குறிப்பில் அப்படியெல்லாம் பிழை இல்லை என்று மறுத்துவிட்டார். ஆனால் 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் வேடிக்கைக்காகவே காந்திக்கு அணுகுண்டு மோகத்தை ஏற்றி வைத்தார்கள். சிரித்த முகத்தோடு கைகூப்பி வருகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை எங்கள் சங்கப் பொருளாளர் மூலம் நான் முன்பே அறிவேன்.

ஒருநாள் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். நகரம் அமைக்கப் போகும் குடியேறிகளைத் தொட்டால் வரைபடம் நிறம் மாறுகிறது. ஆறோ ஏரியோ பக்கத்தில் இருக்கும் கட்டம் கரும்பச்சை. அங்கே ஊர் வைத்தால் குடியிருப்புக்கு ஐந்து புள்ளி. கடல் மட்டும் இருந்தால் மூன்று. ஒன்றுமே இல்லாத வறண்ட கட்டத்தில் இரண்டு. அங்கே வைத்தால் ஜனம் பெருகாது என்று ஆட்டமே சொல்லிவிடுகிறது. டீ தொண்டையில் நின்றது. செம்மஞ்சேரியோடு சென்னை மாநகராட்சி முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டி அடுத்த அடி எங்களுடையது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் தினம் பத்து கோடி லிட்டரோடு தொடங்கியது, 2024இல் இன்னொரு பதினைந்து கோடி சேர்ந்தது. அந்தத் தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் மாநகருக்குப் போகிறது. எங்களுக்கு லாரி.

அந்தம்மா இன்னொன்றும் காட்டினார். ஆட்டத்தில் ஏரிமேல் வீடு கட்ட முடியாது. ஏரிக்குள்ளேயே எழுப்ப வேண்டிய ஓர் உலக அதிசயம் மட்டும் உண்டு, ஆஸ்டெக் மக்களின் ஹுவே தியோகல்லி. இந்தச் சாலையில் மனை பிரித்தவர்கள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். எங்கள் விற்பனைப் பிரசுரத்தில் ‘ஏரி தெரியும் வீடுகள்’ என்று போட்டிருந்தது. 2015 டிசம்பரில் ஏரியே படியேறி வந்து வீடுகளைப் பார்த்துவிட்டுப் போனது. ஆட்டத்திலும் வெள்ளம் உண்டாம். ஆனால் வடிந்த பிறகு மண் வளமாகி விளைச்சல் கூடுமாம். எங்களுக்குக் கூடியது ஜெனரேட்டர் பழுதுச் செலவு.

லாரி என்றேன் அல்லவா. பன்னிரண்டாயிரம் லிட்டர். தையூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. ஓட்டுநர் குழாயைச் சம்பில் விட்டுவிட்டு மதில் நிழலில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொள்வார். ரீல்ஸ் பார்க்கிறார் என்று இருந்தேன். ஒருநாள் பி பிளாக் தம்பி அவர் முன் கைகட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு அருகே போனேன். ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’. பின்லாந்துக்காரர்கள் 2012இல் விட்ட ஆட்டம், ஓசியிலேயே ஆடலாம். நம்மவருக்கு டவுன் ஹால் பதினேழு. கிளானுக்கு அவர்தான் தலைவர். கேளம்பாக்கம் முதல் திருப்போரூர் வரை ஐம்பது பேர், பாதிப்பேர் லாரி, ஆட்டோ, ஜேசிபி. தம்பி அதில் சேர விண்ணப்பித்திருக்கிறான்.

“உங்க டவுன் ஹால் என்ன?”

“ஒம்போதுண்ணே.”

“முதல்ல சுவரை முடிங்க தம்பி. ஆள் குடுத்தாத்தான் ஆள் வாங்க முடியும். உங்க ஆபீஸ்காரங்க வாங்கிக்கிட்டு ஓடிடறாங்க.”

இருபது பக்கப் பகடையெல்லாம் அவரிடம் செல்லவில்லை. சம்ப் நிரம்பியது. குழாயைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “சார், லோடுக்கு நூறு ரூபா ஏத்தியிருக்காங்க. அப்புறம் சனிக்கிழமை எங்களுக்குப் போர் நாள். இருபத்துநாலு மணி நேரம். அன்னிக்கு லாரி எதிர்பாக்காதீங்க.”

குழுவில் அறிவிப்புப் போட்டேன். யாரும் எதிர்க்கவில்லை. ஏ பிளாக் துணி துவைக்கும் நாளை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டது. சி பிளாக் சார் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: எதிரி கிளான் எந்த ஊர் என்று விசாரிக்கவும்.