ஷெரீப்பின் சாவிக்கொத்து

கேள்வி: அமெரிக்காவில் ஷெரீப்பை மக்களே தேர்ந்தெடுக்கிறார்களாமே! அப்படியானால் அவர் ஆபீஸில் இருப்பவர்கள் எல்லோரும் கட்சிக்காரர்களா?

பதில்: இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிச் சின்னமில்லாத தேர்தலில் ஓட்டு வாங்கி வருபவர் ஷெரீப் ஒருவர்தான். பதவிக்காலம் 4 ஆண்டு. அவருக்குக் கீழே அண்டர்ஷெரீப்பில் தொடங்கி கேப்டன், லெப்டினென்ட், சார்ஜென்ட் என்று டெபுடிவரை இறங்கும் ஏணி. டெபுடி என்பவர் பயிற்சி முடித்து வந்த அரசு ஊழியர். ரோந்து, கோர்ட் காவல், ஜெயில் எல்லாம் இவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ளாத ஊர்கள் பணம் கட்டி இவர்களை அமர்த்திக்கொள்கின்றன. 1954-இல் லேக்வுட் நகரம் காட்டிய வழி அது. ஆனாலும் இந்த ஆபீஸின் குணத்தைத் தீர்மானிப்பது ஜெயில்தான் என்பேன். புது டெபுடி பெரும்பாலும் முதலில் நிற்பது அங்கேதான். பூட்டைச் சரிபார்ப்பது, தலை எண்ணுவது, அடைபட்டவரோடு பேசுவது என்று அங்கே பழகிய கைதான் பிறகு தெருவுக்கு வருகிறது.

ஷெரீப்புக்கு ஓட்டே போதுமான கடிவாளம் என்பார்கள். போதவில்லையே! இங்கே ஷெரீப்பாக நான்கு முறை ஜெயித்த லீ பாக்கா, ஜெயிலில் கைதிகள் அடிபட்டதை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது அதற்குக் குறுக்கே நின்ற வழக்கில், 2017-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. கவுண்ட்டியை ஆளும் 5 மேற்பார்வையாளர்களில் 4 பேர் சேர்ந்தால், தக்க காரணம் காட்டி ஷெரீப்பை நீக்கலாம் என்று 2022-இல் வாக்காளர்களே முடிவு செய்தார்கள். இது பழிவாங்கலுக்கு வழிவிடாதா? அச்சம் நியாயமானதுதான், அதற்காகத்தானே 3 போதாது, 4 வேண்டும் என்று வைத்தார்கள்! செல்லுக்குள் உதைபடுகிறவர் அடுத்த தேர்தல்வரை பொறுத்திருக்க முடியாது.