வருமான வரித் துறைக்குக் கூமாப்பட்டியிலிருந்து

பெருமதிப்புக்குரிய வருமான வரித் துறை அதிகாரி அவர்களுக்கு,

கூமாப்பட்டி இளவட்டங்கள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கார் வாங்கிவிட்டான். கடனில்தான். இந்நேரம் உங்கள் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும். அது சொல்லாவிட்டாலும் எதிர்வீட்டு மாமா சொல்லியிருப்பார்.

வேலைவெட்டி இல்லாமல் போனை நோண்டிக்கொண்டு திரிந்தபோது, 'தம்பி, செலவுக்குக் காசு ஏது?' என்று எந்தத் துறையும் அவனைக் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோதாகச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. சொல்லும் விளக்கம் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை வரி 60 சதவீதம். சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்தால் 78. அந்த 60, பணமதிப்பிழப்பு நடந்த சூட்டோடு சூடாக 2016 டிசம்பரில் ஏற்றியது.

விளக்கம் இதுதான். அவன் யூடியூபில் வீடியோ போடுகிறான். 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்று தேறிய பிறகே நீள வீடியோ போடுகிறவனுக்கு யூடியூப் விளம்பரக் காசில் பங்கு தருகிறது. அதுவும் வங்கிக்குத்தான் வருகிறது; பான் எண் ஒட்டிய கணக்கு. ஒளித்துவைக்க ஆசைப்பட்டாலும் அவனுக்கு இடமில்லை.

இடம் இருப்பது வேறு ஆட்களுக்கு. எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் அதிகம். மண்ணில் நிற்கும் மரத்துக்குக் காண்டாமிருக வண்டு உண்டு, வாடல் நோய் உண்டு, விலைச் சரிவும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் நிற்கும் மரத்துக்கு இது ஒன்றும் கிடையாது. தேவைப்பட்ட அளவு காய்க்கும். விவசாய வருமானம், வரி இல்லை. அப்படிப்பட்ட தோப்புக்காரரின் கார் ஊருக்குள் நுழைந்தால், பரம்பரைச் சொத்து என்று எழுந்து நிற்போம். எங்கள் பையனின் அப்பா அதே தோப்பில் காய் வெட்டப் போனவர். ஆகவே அவன் காருக்கு மட்டும் மூலம் காட்ட வேண்டும்.

ஏய்க்கிறவன் எங்களிலும் உண்டு, பிடியுங்கள். 2023 ஜூனில் கேரளத்து யூடியூபர்கள் வீடுகளில் நீங்கள் சோதனை போட்டபோது எங்களுக்கு ஒரு நன்மைகூட நடந்தது. 'அப்போ நெசமாவே சம்பாதிக்கிறாங்க போல' என்று பெண் வீட்டார் நம்பத் தொடங்கினார்கள். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுப் படிவத்தில் சமூக ஊடகக்காரர்களான எங்களுக்கென்று 16021 என்று தொழில் எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. அதைக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாமா என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வயசுக்கு மீறிச் சம்பாதிக்க முயலும்
கூமாப்பட்டி இளவட்டங்கள்

பின்குறிப்பு: நேரில் விசாரிக்க வருவதானால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு பஸ் ஏறவும். பால்கோவா வாங்கினால் பில் கேட்டு வாங்கவும். வந்ததுதான் வந்தோம், பிளவக்கல் அணையில் ஒரு குளியல் போடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2025 ஜூனில் 'ஏங்க...' என்று ஒரு தம்பி ரீல்ஸில் எங்கள் ஊருக்குக் கூப்பிட்டதை நம்பி வந்த கூட்டத்துக்கே அங்கே அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது நீர்வளத் துறை. அவர்களுக்கு நீங்கள் தனியாக மனுப் போட வேண்டும்.