கச வண்டி முதல் வால்வு அண்ணா வரை: நகரம் விழுங்கிய ஊர்களில் சேதி பரவும் விதம் குறித்த ஓர் ஆய்வு

பெங்களூரைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. மென்பொருள் ஏற்றுமதியில் தொடங்கி சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் போய் முட்டிக்கொள்ளும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் இன்றைக்குத் தெருவில் தண்ணீர் விடுவார்களா, மாட்டார்களா என்பது எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்ற அடிப்படை வினாவை அறிவுலகம் ஏறக்குறையத் தொடவே இல்லை. அப்பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நிதி நல்கியவர் எவருமில்லை. ஆகவே முடிவுகள் நடுநிலையானவை.

முதலில் ஆய்வுக்களம். பெங்களூருக்குள் கிராமமா என்று புருவம் உயர்த்துபவர்கள் அரசுக் கோப்புகளைப் புரட்டட்டும். 2007-இல் பழைய மாநகராட்சியோடு 7 நகராட்சிகள், ஒரு டவுன் முனிசிபாலிட்டி, 110 கிராமங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, ‘பிருஹத்’, அதாவது ‘பெரிய’, என்ற பட்டத்தையும் சூட்டினார்கள். அன்றிலிருந்து அவை கிராமங்கள் அல்ல. ஆனால் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கியபோது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தண்ணீர் யாருக்கு என்ற கேள்விக்கு ‘110 கிராமங்களுக்கு’ என்றுதான் பதில் வந்தது. ஊரை மாநகரம் ஆக்கும் அரசாணை ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. காவிரி போய்ச் சேரப் பதினேழு ஆண்டு ஆயிற்று.

சட்டப்படி எல்லை இப்படிக் குழம்பிக் கிடப்பதால் களப்பணிக்கென்று ஒரு வரையறையை நானே செய்துகொண்டேன். அரளிக்கட்டெ (அரசமரத்து மேடை), அம்மன் கோயில், இஸ்திரி வண்டி, ஐயங்கார் பேக்கரி நான்கும் கூப்பிடு தொலைவில் இருந்தால் அது ஊர். மேலே எத்தனை மாடி எழும்பியிருந்தாலும் சரி, தலைக்கு மேல் மெட்ரோ ஓடினாலும் சரி. டொம்லூர், அகரம், மடிவாளம், பேகூர், அல்சூர் எல்லாமே இந்த வரையறையில் சிக்கும். சில அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சிக்கப் பார்த்தன. இஸ்திரி வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்ததால் விலக்கிவிட்டேன்.

ஊர் அறிவிப்புகளில் வயதில் மூத்தது கல். டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர், கோயிலில் உள்ள பெருமாளின் பெயர் சொக்கப்பெருமாள். போசள வீர இராமநாதன் காலத்தில் எந்த வருமானம் கோயிலுக்கு, யார் என்ன கொடுத்தார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. 1270-இல் இரண்டு வாசல் நிலைக்கால் செய்து கொடுத்த அழகியாரின் பெயர்கூட இன்னும் அழியவில்லை. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. இவ்வகை அறிவிப்பின் சிறப்புகள் வெளிப்படை. மழையில் கிழியாது, காற்றில் பறக்காது, பிறந்தநாள் காணும் தலைவரின் படம் அதன்மேல் ஏறாது.

தண்டனைப் பிரிவும் கவனிக்கத்தக்கது. அக்காலக் கல்வெட்டுகளில், தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று முடிப்பது வழக்கம். 2024 மார்ச்சில், தண்ணீர்ப் பஞ்சத்தின் உச்சத்தில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்து, 22 குடும்பங்களிடம் 1.1 லட்சம் வசூலித்தது. காராம்பசுவா, ஐயாயிரமா, எது அச்சமூட்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கார் வைத்திருப்பவர்கள் மறுபிறவியைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை என்பதால் இவ்வாய்வாளர் ஐயாயிரத்தின் பக்கம் சாய்கிறார்.

கல் நின்ற இடத்திலேயே நிற்கும். நகரும் ஊடகத்துக்கு மணிமேகலையின் விழாவறை காதையே மூல ஆவணம். புகார் நகரில் யானையின் பிடரியில் முரசை ஏற்றி, இந்திர விழா இருபத்தெட்டு நாள் என்று அறிவிக்கிறார்கள். அத்தோடு விடவில்லை. தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்ப வேண்டும், பகை உள்ளவர்கள் பகைவரை விட்டு விலகிப் போக வேண்டும் என்று ஊராருக்கு வேலையும் வைக்கிறார்கள். துப்புரவு, சாலைப் பராமரிப்பு, சட்டம் ஒழுங்கு மூன்றையும் ஒரே யானை பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு இம்மூன்றுக்கும் தனித்தனி அலுவலகம். ஒன்று தோண்டுவது இன்னொன்றுக்குத் தெரியாது.

யானை போனபின் தமுக்கு மிஞ்சியது. கன்னட நாட்டில் டங்குர, தமிழ்நாட்டில் தண்டோரா. சட்டம் இதை எவ்வளவு மதித்தது என்றால், 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆவது கட்டளை, 54-ஆவது விதி, அசையாச் சொத்தை ஜப்தி செய்யும் ஆணையை அந்தச் சொத்தின் மேலோ பக்கத்திலோ பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ சாற்ற வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் தண்டோராவுக்குத் தடை வந்தது; ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லுங்கள் என்று தலைமைச் செயலாளர் எழுதினார். இந்த ஓரிடத்தில் ஆய்வாளர் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்தப் பறையை யார் தோளில் மாட்டினார்கள், தெருவில் அவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்று தெரிந்தவர் எவரும் தண்டோரா போயிற்றே என்று ஏங்க மாட்டார்.

(கேட்ட ரகசியத்தை ஊரெல்லாம் பரப்பும் கயவரைப் பறைக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். அல்சூர் ஏரிக்கரையில் அவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. எப்போது திறப்பார்கள் என்பது அந்தப் பதினெட்டு ஆண்டும் இஸ்திரி வண்டிக்காரருக்கே தெரியாமல் இருந்த ஒரே சேதி.)

இனி கச வண்டி. குப்பையைப் பெங்களூர்த் தமிழர் கச என்றே சொல்வர். குப்பை வண்டி என்று சொன்னால் ஊருக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். யானையின் நேரடி வாரிசு இந்த ஆட்டோதான். பாட்டுப் போட்டபடி வரும், ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று கட்டளையிடும், சந்து திரும்பும். ஆனால் இதன் தகவல் மதிப்பு விவாதத்துக்குரியது. பாட்டு தூரத்தில் கேட்கிறது. நேரம் இருக்கிறது என்று பாலை அடுப்பில் வைக்கிறோம். பக்கத்தில் கேட்கிறது, பச்சை வாளி எங்கே, அதன் மூடி எங்கே என்று தேடுகிறோம். வாளியோடு படி இறங்கும்போது பாட்டு மறுபடி தூரத்தில் கேட்கிறது. வருகிற பாட்டுக்கும் போகிற பாட்டுக்கும் காது வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை. அனுபவசாலிகள் பாட்டை நம்புவதே இல்லை. வண்டிக்கு முன்னால் நடந்து வரும் பௌரகார்மிக (துப்புரவுப் பணியாளர்) அக்கா வாசலில் நின்று ‘கசா...’ என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்தக் குரலுக்குத்தான் கதவுகள் திறக்கின்றன. ஒலிபெருக்கி மாநகராட்சிக்கு, குரல் ஊருக்கு.

கச சார்ந்த இன்னொரு ஊடகம் 2025 அக்டோபர் கடைசியில் அறிமுகமானது. தெருவில் குப்பை வீசியவர்களைக் கேமராவில் பிடித்து, அடையாளம் கண்டு, அவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டி, அபராதமும் போட்டார்கள். இதற்கு வைத்த பெயர் ‘கச சுரியுவ ஹப்ப’, குப்பை கொட்டும் திருவிழா. புகாரில் விழாவுக்காகத் தெருவைச் சுத்தம் செய்தார்கள். பெங்களூரில் சுத்தம் செய்வதே விழா ஆகிவிட்டது. எப்படியானாலும், சேதியை உரியவரின் வாசற்படி வரை தவறாமல் சேர்த்த அரசு ஊடகம் இதைப்போல் இன்னொன்று இருக்கிறதா என்பது ஐயமே.

மின்தடை அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளிதழின் ஓரத்தில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்து, ‘மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்’ என்று முடியும். நம் ஊர் சுற்றா வட்டாரமா என்பது மின்விசிறி நின்றதும் தெரிந்துவிடும். ஏரிகள் பேசிய காலமும் உண்டு. பெள்ளந்தூர் ஏரி 2015-இல் நுரையோடு தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடி பற்றியபோது அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று ஊருக்குச் சொல்ல ஒரு ஏரி தீக்குளிக்க வேண்டியிருந்தது என்பதோடு இப்பகுதியை முடித்துக்கொள்கிறேன்.

ஆய்வின் மையத்துக்கு வருவோம். தெருமுனையில், தார் ரோட்டின் நடுவே, சின்ன இரும்பு மூடி ஒன்று இருக்கும். தெரியாதவர் கண்ணில் படாது. காலையில் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் ஒருவர் வருவார். அவர்தான் வால்வு அண்ணா. காலடியில் சாய்த்து வைத்திருக்கும் நீளமான இரும்புச் சாவி கொடிக்கம்பம்போல் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சாவியின் நுனியாலேயே மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, குழிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். சில சுற்றுக்குப் பிறகு நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே குழாய் இருமும். இன்னும் அரைச் சுற்று. வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். இவ்வளவும் நடந்து முடிய அதிக நேரம் ஆகாது. அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டார்.

ஆனால் இஸ்திரி வண்டிக்காரர் பார்த்துவிடுவார். சட்டை வாங்க வந்த பையனிடம், “அம்மாகிட்ட சொல்லுடா, நீர்க்காரரு வந்துட்டுப் போயிட்டாரு” என்பார். பையன் சொல்வான், அம்மா மாடியிலிருந்து பக்கத்து மாடிக்குச் சொல்வார், அங்கே ஒருவர் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தூக்குவார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு சேதியைத் தனியாக யாரும் சொல்லத் தேவையில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசும் எல்லா வீட்டுக்கும் சம்ப் மூடியின் சத்தம் ஒன்றே.

முன்கணிப்புக்கும் முறை உண்டு. எதிர்வீட்டு அக்கா படிக்கட்டில் நின்று கேட்பார்: “அண்ணா, நாளைக்கு உண்டா?”

“பாக்கலாம்மா.”

பதில் எப்போதும் இதேதான். ஆனால் அவர் சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னால் தண்ணீர் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னால் உண்டு. அக்கா பதிலைக் கேட்பதில்லை, கண்ணைப் பார்க்கிறார். ஆய்வின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

இத்துறையில் எமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம் ஹூப்ளி தார்வாடில் தொடங்கிப் பெங்களூருக்கும் வந்தது. வால்வு திறப்பவர் கைப்பேசியில் தகவல் கொடுப்பார். அது குறுஞ்செய்தியாக வீடுகளுக்குப் போகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் இதைப் பெங்களூரில் களச்சோதனையாக நடத்தி, முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். வீடுகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. முக்கியமான காரணம், வால்வு திறப்பவர்கள் தகவலை ஒழுங்காக அனுப்பவில்லை என்பது. பெர்க்லி அறிஞர்கள் இதைத் தகவல் சங்கிலியில் ஏற்பட்ட அடைப்பாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்காவைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார். வாயால் சொன்னதை ‘நான் எப்போம்மா சொன்னேன்’ என்று கேட்டுத் தப்பலாம். எழுத்தில் கொடுத்துவிட்டு அழுத்தம் இல்லாமல் தண்ணீர் வராவிட்டால் தெருவே குடத்தோடு வந்து நிற்கும். சம்பளம் வால்வு திறக்க மட்டும்தான். வாக்குக் கொடுக்கத் தனிச் சம்பளம் கிடையாது.

வால்வு அண்ணா ஏன் இவ்வளவு முக்கியமானார் என்பதற்கு அரசியல் காரணமும் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் கர்நாடகப் பஞ்சாயத்துச் சட்டப்படி கிராமத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிராம சபை கூட வேண்டும். அங்கே எழுந்து நின்று, சாக்கடை என்ன ஆயிற்று என்று முகத்துக்கு நேராகக் கேட்கலாம். 2007-இல் மாநகரத்தோடு சேர்ந்த ஊர்கள் அந்த உரிமையை இழந்தன. பதிலுக்கு வார்டு கமிட்டி வந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்றார்கள். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின்கீழ்ப் போயிற்று. நடுவில் முழுதாக ஐந்து ஆண்டுகள் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. பாட்டு வந்தது, குறுஞ்செய்தி வந்தது, பேனர் வந்தது. இவை எல்லாமே ஊருக்குச் சொல்லும். ஊர் சொல்வதைக் கேட்காது. அரசாங்கத்தின் சார்பில் தினமும் தெருவுக்கு வந்து, கேள்வி கேட்டால் நின்று ‘பாக்கலாம்’ என்றாவது பதில் சொல்கிறவர் டிவிஎஸ் எக்ஸெலில் வருகிற அந்த ஒருவர்தான். கச வண்டி அக்காவும் உண்டு, ஆனால் அவரை நிற்க விடுவதில்லை.

ஆகவே புதிய ஐந்து மாநகராட்சிகளுக்கும் இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே ஒன்று. வார்டு கமிட்டிக் கூட்டத்தை அலுவலகத்தில் வைக்காதீர்கள். வால்வு மூடிக்குப் பக்கத்தில், தண்ணீர் விடும் காலையில் வையுங்கள். நாற்காலி வேண்டாம், டீ வேண்டாம், அழைப்பிதழும் வேண்டாம். கோரம் தானாகச் சேரும். இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் அறிஞர்கள் கடிதத்தை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டுப் போகலாம். மத்தியானத்துக்குள் எனக்கு வந்துவிடும், தெருவும் அதற்குள் படித்திருக்கும்.