ஒன்பது எழுத்து ஊரிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள், சுற்றுலாத் துறை, சென்னை.
பொருள்: மார்க்கையன்கோட்டையைச் சுற்றுலாத் தலமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தேக்கடிக்குப் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் சின்னமனூருக்கும், சனீஸ்வரர் இருக்கும் குச்சனூருக்கும் பக்கத்து ஊர் எங்களுடையது. பேரில் கோட்டை இருக்கிறதே, மதில் எங்கே, அகழி எங்கே என்று உங்கள் ஆட்கள் கேட்கக்கூடும். தென்சீமையில் கோட்டை என்பது நெல் அளவும்தான். அறுப்புக் காலத்தில் வந்தால் அந்தக் கோட்டையைக் காட்டுகிறோம்.

இந்த ஆசை மதுரையைப் பார்த்து வந்தது. 1996 வரை நாங்களும் மதுரை மாவட்டம்தானே, பங்காளி முன்னேறினால் வயிறு எரியாதா? திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேடம் கட்டுகிறவர்கள் உடை தைக்க அங்கேதான் போவார்கள். பாத்திரம், வளையல், பஞ்சாங்கம் எல்லாம் அந்தத் தூண் நிழலில். பிறகு கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. போனது சரியென்றே வைத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சி கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகளோடு கல்லும் சேர்ந்து எரிந்ததை மறக்க முடியாது. கடையை உள்ளே விட்டது யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. விண்ணப்பம் எழுதுகிறவன் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

ஆனால் கோயிலைச் சுற்றி இன்னொரு வியாபாரம் உண்டு. வெளிநாட்டுக்காரரைக் கண்டால், "மாடிக்கு வாங்க, கோபுரம் நல்லாத் தெரியும், காசு வேண்டாம்" என்று அன்போடு கூப்பிடுவார்கள். ஏறுவது இலவசம். இறங்கும் படி மட்டும் காஷ்மீர்க் கம்பளங்களுக்கு நடுவே வரும். அழகர் பக்தருக்குக் கால்சட்டை தைத்தவர் செய்தது ஆக்கிரமிப்பு, கோபுரத்தை மொட்டைமாடியில் வைத்து விற்பவர் செய்வது சுற்றுலா வளர்ச்சி. இந்த நுணுக்கத்தை எங்கள் ஊரும் கற்றுக்கொள்ள விரும்புகிறது.

எங்களுக்கும் வரலாறு உண்டு. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர்கள் பெருமையாகப் பொறித்துக்கொண்ட செப்பேடுகள் கிடைத்தது சின்னமனூரில். மதுரையின் பெருமைக்குச் சான்றொப்பம் போட்டது எங்கள் பக்கத்து ஊர் என்று வழிகாட்டிகளை மனப்பாடம் செய்யச் சொல்லலாம்.

தண்ணீர்க் கதை இன்னும் நன்றாக விற்கும். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர் அதைக் குடித்த பிறகுதான் மிச்சம் வைகை வழியாக மதுரைக்குப் போகிறது. தேக்கடியில் படகு மிதப்பதும் இந்த அணைத் தண்ணீரில்தான். படகுக் காசு கேரளத்துக்கு, தண்ணீர் நமக்கு; இதைவிட நல்ல பாகப்பிரிவினை எந்தக் குடும்பத்திலும் நடந்ததில்லை. அணையருகே பொதுமக்களை விட மாட்டார்கள் என்பதால் லோயர்கேம்பில் 2013இல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். செல்ஃபிக்கு அது போதும்.

குச்சனூரை நினைத்தால்தான் கொஞ்சம் தயக்கம். ஆடிச் சனிக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் சனி பிடித்தால் ஏழரை ஆண்டில் விட்டுவிடுவார். நீங்கள் பிடித்த ஊரை எப்போது விடுவீர்கள் என்று ஜோசியரிடம் கேட்டேன். கட்டத்தைப் பார்த்துவிட்டு தட்சணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வசதிகளையும் சொல்லிவிடுகிறேன். புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் காரை நிறுத்திப் படம் எடுத்து, கால் கிலோ வாங்கிப் போகிறார்கள். அதே போல நெல்லுக்கும் ஏற்பாடு செய்யலாம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நடுவது விளம்பரப் படங்களில் மிக அழகாக இருக்கிறது. நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த இடத்தில் மட்டும் கேமராவைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பிவிடச் சொல்லுங்கள். சிமெண்டில் ஒரு மாட்டுவண்டி வேண்டும். "ஐ லவ் மார்க்கையன்கோட்டை" என்று விளக்கு எரியும் போர்டும் வேண்டும். மதுரைக்கு மூன்றே எழுத்து; எங்களுக்கு ஒன்பது. ஒப்பந்தக்காரர் மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஒரே ஒரு சிக்கல். போர்டு வைக்கவும் கார் நிறுத்தவும் இருக்கிற இடத்தில் இப்போது நெல் நிற்கிறது. நெல்லை எடுத்துவிட்டால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். மாடியிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்வீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆய்வுக்கு வருவதானால் ஜூனில் வாருங்கள். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்திருப்பார்கள். ஷூ போட்டு வர வேண்டாம், வரப்பு வழுக்கும். நாற்றுமுடி தூக்கி வருகிறவர்களுக்கு வழிவிட நீங்கள்தான் சேற்றில் இறங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாய்க்கால் மடையில் முறைக்குக் காத்திருக்கும் ஒருவன்,
மார்க்கையன்கோட்டை.