கடப்பாரை இல்லாமல் கட்டடம் இடிப்பது எப்படி?

வாழ்த்துகள்! உங்கள் ஊருக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைக்கும் பொறுப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. பதறாதீர்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள இதில் அதிகம் இல்லை. பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். முறைப்படி செய்வதுதான் பாக்கி. கீழே உள்ளபடி நடந்துகொண்டால் ஒரு செங்கல்லைக்கூட நீங்கள் தொட வேண்டியிருக்காது.

1. முதலில் எதையாவது பறிகொடுங்கள்

எதுவும் போவதற்கு முன்பே குழு அமைப்பது அதிகப்பிரசங்கித்தனம். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கினார்கள். 1965 ஏப்ரலில் பாரம்பரியச் சின்னங்களுக்கான சட்டம் வந்துவிட்டது. ஒன்றரை ஆண்டு! என்ன அவசரம்?

சென்னையைப் பாருங்கள். ரயில்வே இடம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1985-இல், மூர் மார்க்கெட் எரிந்தது. இன்று அங்கே புறநகர் ரயில் முனையம் இருக்கிறது. ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்று பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். பாரம்பரியக் குழு வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இந்த நிதானத்தைப் பழகுங்கள்.

2. நீங்களாக எதையும் தொடங்காதீர்கள்

மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டட விதிகள் கொண்டுவந்து, இந்தியாவில் இதுவே முதல் என்று பெயரும் வாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கு அந்தப் பெயர் வேண்டாம். யாராவது வழக்குப் போடட்டும், நீதிமன்றம் உத்தரவிடட்டும்.

அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. இடிக்கக் கூடாது, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமையுங்கள் என்று 2010 ஏப்ரல் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியலுக்கும் நீங்கள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் காட்டிய 467 கட்டடங்கள் தயாராக இருந்தன. ஒரு நகரம் தன் பழைய கட்டடங்களை எண்ணிப் பார்த்ததே பிளெக்ஸ் போர்டுகளின் புண்ணியத்தால்தான்! இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. ஆட்களைப் பொறுக்குங்கள்

அந்த 1965 சட்டப்படி அமைந்த நியூயார்க் பாரம்பரியச் சின்னங்கள் ஆணையத்தில் பதினொரு பேர். குறைந்தது மூன்று கட்டடக்கலைஞர்கள், ஒரு வரலாற்றாளர், நகரத் திட்ட வல்லுநர் அல்லது நிலவடிவமைப்பாளர் ஒருவர், ரியல் எஸ்டேட் தொழில் தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். நகரின் ஐந்து பெருவட்டாரங்களில் ஒவ்வொன்றிலும் வசிப்பவர் ஒருவராவது வேண்டும். தலைவருக்கு மட்டும்தான் சம்பளம். இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தால் ஆள் பொறுக்கும் சுகமே போய்விடும்.

நீங்கள் பதவிகளை நியமியுங்கள், மனிதர்களை அல்ல. இன்ன துறைச் செயலாளர், இன்ன தலைமைப் பொறியாளர், இன்ன இயக்குநர் என்று பட்டியல் போடுங்கள். மாற்றல் வரும்போதெல்லாம் குழு புதிதாகப் பிறக்கும். முந்தைய கூட்டத்தில் என்ன பேசினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. பழைய கட்டடங்களை அதிகம் வைத்திருக்கும் துறைக்கு முன்வரிசை நாற்காலி கொடுங்கள். தன் கட்டடத்துக்குத் தானே தீர்ப்பு எழுதுவதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. சுண்ணாம்பும் காரையும் அறிந்தவர் ஒருவர் இருக்கட்டும், புகைப்படத்துக்கு. அந்தத் தெருவில் குடியிருப்பவர் யாரையும் சேர்க்காதீர்கள். கூரை ஒழுகுகிற விஷயம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்துவிடுகிறது.

4. பட்டியலைக் கசியவிடுங்கள், அரசாணையைத் தாமதியுங்கள்

இதுதான் உயிர்நாடி. மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விட்டாலும் இதில் மட்டும் கவனமாக இருங்கள்.

‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று ஒரு கட்டடத்தின் பெயரை நாளிதழில் வரச் செய்யுங்கள். முறையான அறிவிக்கை வர ஆண்டுகள் ஆகட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள காலத்தில் சட்டம் எதையும் தடுக்காது. உடைமையாளருக்கோ எல்லாம் தெரிந்திருக்கும். இன்றைக்கு இடித்தால் கேள்வி இல்லை, நாளைக்கு இடித்தால் வழக்கு. இதைவிடத் தெளிவான அழைப்பிதழை யாராலும் அச்சடிக்க முடியாது.

நியூயார்க்கில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் டகோட்டா ஸ்டேபிள்ஸ் என்ற பழைய குதிரை லாயக் கட்டடம் இருந்தது. 2006-இல் அதைப் பற்றி விசாரிக்க ஆணையம் தேதி குறித்தது. உடைமையாளர் கையில் முன்பே வாங்கிய அனுமதிச் சீட்டு ஒன்று இருந்தது. விசாரணை நாளுக்குள் முகப்பின் அலங்காரத்தை உரித்துப் போட்டுவிட்டார்கள். பிறகென்ன? காப்பாற்றும்படி இதில் எதுவும் மிச்சமில்லை என்று ஆணையமே கைவிட்டது. கட்டடமும் போயிற்று. நடைமுறையில் ஒரு பிழை சொல்ல முடியுமா?

நம் ஊரில் இதற்கு இன்னும் வசதியான நாட்கள் உண்டு. வெள்ளி மாலை நல்ல முகூர்த்தம், தொடர் விடுமுறை என்றால் உத்தமம். உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை விடும் மே மாதத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் தடை உத்தரவோடு வருபவரை மரியாதையாக வரவேற்று, செங்கல் குவியலைச் சுற்றிக் காட்டுங்கள்.

5. கூட்டத்தை ஒத்திவையுங்கள்

மறுத்தால் காரணம் எழுத வேண்டும். ஒத்திவைத்தால் தேநீர் குடித்துவிட்டுக் கலையலாம். நியூயார்க்கின் முதல் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு காவியம். முதல் பதினெட்டு மாதம் விசாரணை நடத்தலாம். அதன்பின் மூன்று ஆண்டு சும்மா இருக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் மறுபடி விழித்துக்கொள்ளலாம். கட்டடங்களும் அதுவரை பொறுத்திருக்கும் என்று நம்பினார்கள் போலிருக்கிறது. 1973-இல் திருத்திக் கெடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் பழைய பயிற்சி வீண்போகவில்லை. கொலம்பஸ் சர்க்கிளில் எட்வர்ட் டுரல் ஸ்டோன் வடிவமைத்த வெண்பளிங்குக் கட்டடம் 1964-இல் திறந்தது. முப்பது வயதானால் பட்டியலுக்குத் தகுதி என்பது அந்த ஊர்ச் சட்டம். காப்பாற்ற வேண்டாம், பொது விசாரணை மட்டுமாவது நடத்துங்கள் என்று எழுத்தாளர்களும் கட்டடக்கலைஞர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். ஆணையம் கடைசிவரை நடத்தவே இல்லை. முகப்பை உரித்து, புதுத் தோல் போர்த்தி, 2008-இல் அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள்.

6. ஒரு குழு போதாது, ஆணையமும் வேண்டும்

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. பத்தாண்டு கடந்த பிறகும் ஆணையம் வந்திருக்கவில்லை. ஆணையம் வரும் என்று குழு காத்திருக்கலாம். குழுதான் இருக்கிறதே என்று ஆணையம் வராமலிருக்கலாம். அற்புதமான ஏற்பாடு.

7. உடைமையாளருக்குப் பெருமையை மட்டும் கொடுங்கள்

மும்பையில், பாரம்பரியக் கட்டடத்தில் கட்ட முடியாமல் போன பரப்பளவை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையாக மாற்றி, உடைமையாளர் விற்கலாம் என்று வைத்தார்கள். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் கோபுரம் எழுப்ப விடமாட்டோம் என்று நியூயார்க் தடுத்த வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978-இல் நகரம் ஜெயித்ததற்கு, தலைமேல் கட்ட முடியாததைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்ததும் ஒரு காரணம். இப்படியெல்லாம் ஈடு கொடுத்தால் உடைமையாளர் உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவார். பிறகு யார் இடிப்பது?

ஆகவே சென்னை ஜார்ஜ் டவுனில் ஏழு வாரிசுகள், நாலு வழக்கு, பழைய வாடகையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆறு கடைக்காரர்களோடு திண்டாடும் மனிதரிடம் போய், “ஐயா, உங்கள் வீடு தேசத்தின் சொத்து” என்று சொல்லுங்கள். சொத்து வரியைக் குறைக்காதீர்கள். பழுதுபார்க்கக் கடனோ ஆலோசனையோ தராதீர்கள். ஜன்னல் மாற்ற அனுமதி கேட்டால் எட்டுப் பிரதிகளில் விண்ணப்பம் வாங்குங்கள். ஒரே வருடத்தில் அவர் புரொமோட்டரின் கைப்பேசி எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பார்.

8. மழையை நம்புங்கள்

இடிக்கத் தடை போடுங்கள். பராமரிக்கக் கட்டளை மட்டும் போட்டுவிடாதீர்கள். மீதியை ஐப்பசியும் கார்த்திகையும் பார்த்துக்கொள்ளும்.

மெட்ராஸ் டெரஸ் கூரை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்; எங்கே கைவைக்காமல் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்புக் காரையில் குறுக்காக நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கற்கள், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த கெட்டிப்பு, உச்சியில் தட்டோடு. தண்ணீர் தேங்காதவரை இது நூறாண்டு தாங்கும். எனவே மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளட்டும். ஓரத்தில் ஓர் அரசங்கன்று முளைக்கட்டும். ஐம்பது ரூபாய் கூலியில் பிடுங்கி எறியக்கூடிய கன்று அது, விட்டுவையுங்கள். வேர் காரைக்குள் போகும், தண்ணீர் வேரோடு போகும், விட்டத்தின் முனை சுவருக்குள் யாரும் பார்க்காத இடத்தில் மக்கும். ஒரு நாள் கூரையின் ஒரு மூலை இறங்கும்.

இப்போது அடுத்த மேசைக்கு வேலை வருகிறது. மாநகராட்சி ‘ஆபத்தான கட்டடம்’ என்று நோட்டீஸ் ஒட்டும். பொறியாளர் ஒருவர் உறுதித்தன்மை இல்லை என்று சான்று தருவார். பாதுகாக்கச் சொன்ன அரசின் கையைவிட, உயிர்ச்சேதம் வரும் என்று இடிக்கச் சொல்லும் கை எப்போதும் வேகமானது. உங்கள் குழு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போடலாம்.

நேரில் காண வேண்டுமா? அதே பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். வழக்கில் வென்றது, தீர்ப்பிலேயே பாதுகாக்கப்பட்டது. தீர்ப்பு வந்து பத்தாண்டு கடந்த பிறகும் பாழடைந்துதான் நின்றது. இடிக்கக் கூடாது என்றால் இடிக்கக் கூடாது, அவ்வளவுதானே?

9. பழுதுபார்த்தே தீர வேண்டுமென்றால்

குறைந்த விலைப்புள்ளிக்குக் கொடுங்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசச் சொல்லுங்கள். சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் பூச்சையும் தள்ளிவிட்டுத் தானும் உதிரும். அதற்குள் ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். மேலே பளபளப்பான எமல்ஷன் அடிக்கலாம். வளைவுகளை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடலாம்.

கெட்ட உதாரணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்காடு நவாபுக்காக 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையில் அரசு அலுவலகங்களும் கோப்புகளும் நிறைந்திருந்த கலசமஹால், 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிட்டு எட்டு மாடி கட்ட இதைவிடச் சாக்கு கிடைக்குமா? பொதுப்பணித் துறையோ சுண்ணாம்பைக் குழைத்து அதை மீட்டெடுத்துவிட்டது. பக்கத்து ஹுமாயூன் மஹாலையும் விடவில்லை. முடியாது என்று கூட்டத்தில் சொல்லும்போது இந்த இரண்டையும் யாரும் நினைவூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஆகஸ்ட் 22-ஐ விட்டுவிடாதீர்கள்

மெட்ராஸ் தினத்தன்று பாரம்பரிய நடை நடத்துங்கள். தொப்பி கொடுங்கள். போன வருடம் நின்ற இடத்தில் இந்த வருடம் தகர வேலி இருந்தால், வேலி ஓரமாகவே கூட்டிப்போய்ப் பழைய புகைப்படத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் ஒரே ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. வேலைவெட்டியில்லாத யாராவது ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பலாம். குழு கடைசியாகக் கூடியது எந்தத் தேதியில், கூட்டக் குறிப்பின் நகல் எங்கே? பட்டியலில் உள்ளவற்றில் முறையாக அறிவிக்கை ஆனவை எத்தனை, ஆகாமலே இடிபட்டவை எத்தனை? அரசுக்குச் சொந்தமான பழைய கட்டடங்களின் மொட்டை மாடியை மழைக்கு முன் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதற்கு அவர் கட்டுவது பத்து ரூபாய். பதில் தர உங்களுக்கு இருப்பது 30 நாள்.