தோளில் இரண்டு நட்சத்திரம் வேண்டுவோர் கல்லூரியில் எடுக்கத்தக்க பாடம்: ஓர் ஆய்வு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், "மிலிட்டரி ஆபீசர் ஆகணும்னா என்ன டிகிரி எடுக்கணும்?" என்ற வினா தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் எழுகிறது. ராணுவ மேஜர் ஒருவரின் கதையான அமரன் படம் வந்தபின் சற்று உரக்கவே எழுகிறது. ஆனால் இவ்வினா இதுகாறும் கல்யாணப் பந்திகளிலும் சலூன் பெஞ்சுகளிலும் மட்டுமே ஆராயப்பட்டு வந்தது. அறிவுலகின் இப்பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்குக் கிடைக்கும் மூலநூல், யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் சி.டி.எஸ். தேர்வு அறிவிக்கை. ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் டேராடூன் ஐ.எம்.ஏ.வுக்கும் சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ.வுக்கும் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏதாவது ஒன்று போதும் என்கிறது அது. இந்நூலுக்கு உரை கண்டோர் மூவர். முதலாமவர் சித்தப்பா. "ஏதாவது என்று எழுதியிருந்தாலும் இன்ஜினியரிங் என்றே கொள்க" என்பது அவர் உரை. இரண்டாமவர், அதிகாரிகளை நேரில் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.க்கு இரண்டு முறை போய்த் திரும்பிய காலேஜ் சீனியர். டிஃபென்ஸ் ஸ்டடீஸ் எடுத்தால் பாதி வேலை முடிந்தது என்பார். மூன்றாமவர் முன்னாள் ஹவில்தார். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்து ஊர்களில் தெருவுக்குத் தெரு கிடைப்பார். "டிகிரி கெடக்கட்டும் தம்பி, காலைல அஞ்சு கிலோமீட்டர் நிக்காம ஓடுவியா?" என்பதோடு அவர் உரை முடிகிறது. மூலத்தோடு பெரிதும் ஒட்டிப்போவது இந்த உரையே. உரையாசிரியரிடம் டிகிரி இல்லாத காரணத்தால் அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்வதில்லை.

சித்தப்பா மரபில் உண்மை அறவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. சி.டி.எஸ். வழியாகக் கடற்படை அகாடமிக்குப் போக இன்ஜினியரிங் வேண்டும். விமானம் ஓட்ட விரும்புகிறவர் பிளஸ் டூவில் கணக்கும் பிசிக்ஸும் படித்திருக்க வேண்டும், அல்லது இன்ஜினியரிங் முடித்திருக்க வேண்டும். ஆக, "தவளையை அறுத்துப் பார்க்கலாம்" என்று பதினைந்து வயதில் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்த பையனுக்கு ஆகாயத்தின் பெரிய கதவு அன்றே சாத்தப்பட்டுவிடுகிறது. அவன் அதை அறிவது 20 வயதில். கால்நடை மருத்துவம் படித்தவருக்கோ தனி வாசலே உண்டு. படையின் குதிரை, கோவேறு கழுதை, நாய் ஆகியவற்றைப் பேண ஆர்.வி.சி. என்றொரு பிரிவு இருக்கிறது. சட்டம் படித்தவருக்கு ஜாக் என்னும் ராணுவச் சட்டப் பிரிவு. பட்டத்தையே கேட்டு ஆளெடுக்கும் இடங்கள் இப்படிச் சிலவே.

பட்டமே எடுக்காமல் பிளஸ் டூவோடு கடக்வாஸ்லாவில் உள்ள முப்படைப் பயிற்சி அகாடமியான என்.டி.ஏ.வுக்குப் போகிறவர் கதை வேறு. மூன்றாண்டு ஓடி, நீந்தி, தவழ்ந்து வெளியே வரும்போது கையில் ஒரு பட்டமும் இருக்கும். அதை வழங்குவது டெல்லி ஜே.என்.யு. டி.வி. விவாதங்களில் தேசபக்தி போதவில்லை என்று திட்டு வாங்கும் அதே ஜே.என்.யு.தான். இதற்கு விளக்கம் எழுதப் புகுந்தால் தனி நூல் ஆகும்.

வரலாற்றுச் சான்றுகளைப் பார்த்தால் நம் ஆய்வுக்கு மேலும் சங்கடம். செங்கல்பட்டில் பிறந்து தரைப்படைத் தளபதியாக உயர்ந்த கே. சுந்தர்ஜி, சென்னை கிறித்தவக் கல்லூரியில் பட்டத்தை முடிக்காமலே படைக்குப் போனவர். அமரன் படத்தின் நாயகரான, அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் படித்தது வணிகவியல். அதன்மேல் இதழியலில் ஒரு டிப்ளமோ.

சரி, பட்டத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாளில் முதல் நாளையே எடுத்துக்கொள்வோம். திரையில் மங்கலான படம் ஒன்று 30 விநாடி தெரியும். நாலு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும். படத்தில் இரண்டு உருவம், பின்னால் ஏதோ கோடு. சிவில் படித்தவன் அதைப் பாலம் என்கிறான், அதில் விரிசலையும் பார்த்துவிடுகிறான். பி.காம். மாணவன் அங்கே பேங்க் லோன் வாங்கிக் கொடுக்கிறான். அக்ரி மாணவன் கிணறு வெட்டுகிறான். தமிழ் இலக்கியம் படித்தவள் பிரிவுத் துயரத்தைத் தொடங்கி, தோழி வருவதற்குள் நேரம் முடிந்துபோகிறது. பிறகு பத்துப் பதினைந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே கதைக்கு உடன்பட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் கத்துவார்கள். மதியம் நம்பர் வாசிப்பார்கள். நம்பர் வராதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். அவர்களில் எல்லாப் பட்டக்காரரும் உண்டு. முதல் தடவை போகிறவருக்கு ரயில் கட்டணம் கிடைக்கும் என்பது சிறிய ஆறுதல்.

தங்கியவர்களுக்கு இன்டர்வியூவில்தான் பட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. மெக்கானிக்கல் முடித்தவரிடம் சைக்கிள் ஓடும்போது ஏன் சாய்வதில்லை என்று கேட்பார்கள். பொருளாதாரம் படித்தவரிடம் ஊரில் தக்காளி விலை ஏன் இப்படி என்று கேட்பார்கள். என்ன படித்தாய் என்பதைவிட, மூன்று வருஷம் வகுப்பில்தான் இருந்தாயா என்பதே அவர்களின் சந்தேகம். பிடிக்காத பாடத்தைப் பிறருக்காக எடுத்தவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆராய்ச்சியாளர்கள் தவறவிட்ட இன்னொன்று என்.சி.சி. அதன் 'சி' சான்றிதழும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே எஸ்.எஸ்.பி.க்கு விண்ணப்பிக்க வழி உண்டு. பரேடு முடிந்து கொடுக்கும் டிபனுக்காகச் சேர்ந்தவனும் இவ்வழியில் லெப்டினன்ட் ஆகலாம்.

எங்கள் தீர்ப்பு இது. பரங்கிமலை வழியே போகும் ஷார்ட் சர்வீஸ் பத்தாண்டு, வேண்டுமானால் மேலும் நாலு. அதில் நிரந்தரம் கிடைக்காவிட்டால் முப்பத்தைந்தை ஒட்டிய வயதில் வெளியே வந்து மறுபடி வேலை தேட வேண்டும். எஸ்.எஸ்.பி.யில் தேறாதவருக்கோ மறுநாளே அந்த வேலை தொடங்குகிறது. ஆகவே படைக்கென்று ஒரு பட்டம் தேடாதீர்கள். படை வேண்டாமென்று சொன்னால் சோறு போடக்கூடிய பாடத்தை, ஆசையோடு பத்து நிமிடம் பேசக்கூடிய பாடத்தை எடுங்கள். ஹவில்தார் சொன்ன ஓட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பின்குறிப்பு: ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதுகிறவருக்கு சி.டி.எஸ்.ஸில் கணக்குத் தாள் கிடையாது. இதைச் சித்தப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.